மின்னலின் கொள்ளில் நான் சதை வளர்த்த கதை

ஒல்லியாக இருப்பவனுக்கு ஊரில் எல்லோரும் வைத்தியர்கள். குண்டாக இருப்பவனிடம் யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒல்லியானவன் பஸ்ஸுக்கு நின்றால்கூடப் பக்கத்தில் நிற்பவர், "தம்பி, ராத்திரில பழைய சோத்துல தயிர் ஊத்தி வை" என்று ஆரம்பித்துவிடுவார். அப்படி ஊர் முழுக்க இலவச வைத்தியம் பார்த்து வளர்ந்த உடம்பு என்னுடையது. கல்யாண போட்டோவில் மாலை மட்டும்தான் தெரியும். அதற்குள் நான் இருப்பதாக வீட்டில் சத்தியம் செய்வார்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. பக்கத்து மேஜை சலீம். ஜிம்முக்குப் போகிறவன், அவன் கையை மடக்கினால் சட்டைக்கு மூச்சு முட்டும். ஒருநாள் டீ குடிக்கும்போது என் புஜத்தைப் பிடித்து, தோலைத் தரம் பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"தோஸ்த், இது மேல்தோலுக்கு ஆவாது. லைனிங்குக்குத்தான் ஆவும்."

செக்‌ஷனே சிரித்தது. மானம் போனால் போகட்டும், மருந்தாவது கிடைக்கட்டும் என்று, "இன்னா துன்னா சதை ஏறும்?" என்று கேட்டேன்.

"நீ சோறு ஜாஸ்தி, சத்து கம்மி. முட்டை, கொண்டக்கடல, கொள்ளு, மல்லாட்ட, பேரீச்சம்பழம். எது கெடச்சாலும் வுடாத. எப்பவும் வாயில இன்னாவது போய்னே இருக்கணும்."

(மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று கேட்டால் கடைக்காரர் நம்மை வெளியூர் என்று நினைத்துக்கொள்வார்.)

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நானும் மனைவி செல்வியும் அணைக்கட்டுப் பக்கம் மாமனார் வீட்டில் தங்கியிருந்தோம். மாமனார் முனிசாமிக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று செல்வி. இன்னொன்று மின்னல் என்கிற காளை.

பொங்கலையொட்டி எங்கள் பக்கத்து ஊர்களில் மாடு விடும் விழா நடக்கும். அதில் மாட்டை யாரும் அடக்குவதில்லை. தெருவின் இரு பக்கமும் சவுக்குக் கட்டையால் தடுப்பு கட்டி, காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். எது சீக்கிரமாக எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதோ அதற்கு முதல் பரிசு. அந்தப் பரிசை மாமனாரின் பங்காளி ஏழுமலையின் காளைதான் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தது. மாமனார் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். "இந்த வாட்டி மின்னல் ஜெயிக்கலன்னா மாட்ட வித்துட்டு, எனக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு உக்காந்துக்குவேன்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டார். மாமியார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கன்றிலிருந்து மின்னலை வளர்த்தது அவர்தான்.

எனக்கும் அந்த விழாவில் ஒரு கணக்கு இருந்தது. முந்தின விழாவில் நான் புது மாப்பிள்ளை. சொந்தக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும், "மாப்ளைய ஓரமா நிக்க வைங்க. மாடு ஓடுற காத்துல போய்டப் போறாரு" என்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் இறுக்கமான டீ-ஷர்ட் போட்டு, தடுப்போரம் நெஞ்சை நிமிர்த்தி நிற்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு விடியற்காலையில் மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போனேன். மாமனார் வெந்த கொள்ளு, மல்லாட்டை, பேரீச்சம்பழம், வெல்லம் எல்லாம் சேர்த்து இடித்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் முட்டை. சலீம் சொன்னதில் முக்கால்வாசி ஒரே தட்டில்! எதைத் தின்று இந்தக் காளைக்குத் திமில் இப்படி நிற்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

"மாமா, நீங்க போய்ப் படுங்க. இனிமே மின்னலுக்கு நானே ஊட்டறேன்."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல எந்த மாப்ள மாட்டுக் கொட்டாய்க்கு வர்றாரு? பாத்துக்கோடி" என்று மாமியாரிடம் பெருமை பேசினார்.

ஆரம்பத்தில் நியாயமாகத்தான் இருந்தேன். அதற்கொன்று, எனக்கொன்று. ஆசை வெட்கம் அறியாது அல்லவா? அப்புறம் அதற்கொன்று, எனக்கிரண்டு, பாக்கெட்டில் கம்பெனிக்கு இரண்டு என்று ஆனது. (முட்டையில் மட்டும் கைவைக்கவில்லை. பச்சை முட்டை எனக்குக் குமட்டும்.) "இன்னாமே இது, தட்டு காலியாய்டுது, மாட்டுக்கு மட்டும் பசி அடங்கவே மாட்டேங்குது" என்று மாமனார் கொள்ளைக் கூட்டிப் போட்டார். இருவருக்கும் நல்லதாகப் போயிற்று.

மின்னல் பள்ளிக்கூடம் போகாததே தவிர, முட்டாள் இல்லை. உருண்டை என் வாய்ப் பக்கம் போனால் மூக்கால் முட்டும். பிறகு என் பேன்ட் பாக்கெட்டையே மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, "மின்னலு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும்.

"பெத்த பொண்டாட்டி மாதிரி தேடுதுங்க உங்கள" என்றாள் செல்வி. பழமொழிகளை நான் சொல்வேன், அவள் கலப்பாள்.

விழா நாள் வந்தது. டீ-ஷர்ட் போட்டு, பாதித் தெருவில் தடுப்போரம் நின்றேன். பாக்கெட் நிறைய உருண்டை. மாமனார் தோளில் துண்டோடு எல்லைக்கோட்டில் நின்றிருந்தார். மைக்காரர் ஒலிபெருக்கியில் கத்தினார்.

"அடுத்து வர்றது முனிசாமி அண்ணனோட மின்னல்! கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போய்டும், ஓரம் போ, ஓரம் போ!"

வந்தது பாருங்கள், அப்படியொரு ஓட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. உணர்ச்சிவசப்பட்டுக் கையைத் தூக்கி, "மின்னலு!" என்று கத்திவிட்டேன்.

மின்னல் நான்கு காலையும் ஊன்றி நின்றது. புழுதி அடங்கியபோது அதன் மூக்கு தடுப்புக் கட்டை இடுக்கு வழியாக என் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"மின்னல் வருது... மின்னல் வருது... மின்னல் நின்னுடுச்சு." மைக்காரருக்கே குரல் இறங்கிப் போனது. "மின்னல் இன்னாவோ துன்னுதுப்பா. டைம் ஓடினே கீது!"

"போடா மின்னலு, போடா" என்று கெஞ்சினேன். ஒரு யோசனை வந்தது. ஒரு உருண்டையை எடுத்து எல்லைக்கோட்டுப் பக்கம் வீசினால் ஓடிவிடுமே? பதற்றத்தில் வீசினேன். அது மின்னல் ஓடிவந்த பக்கமே போய் விழுந்தது.

"மின்னல் ரிட்டர்ன் அடிக்குதுப்பா!"

ஊரே தடுப்பில் தொங்கிச் சிரித்தது. ஏழுமலை உட்கார்ந்து சிரித்தார். மாமனார் துண்டை உதறிக்கொண்டு என்னிடம் வந்தார். மைக்காரரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"இன்னா மாப்ள அது பாக்கெட்ல?"

"கொள்ளு உருண்ட, மாமா."

"மாட்டுக்கு எடுத்தாந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "இல்ல மாமா. எனக்கு."

"மாப்ளைக்காம்!" என்றது மைக். நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

மாமியார்தான் தலையில் அடித்துக்கொண்டார். "அட ஆண்டவா! இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லுவாங்களே மாப்ள! கொள்ளு உடம்பக் கரைக்குமே!"

பழமொழி என்றால் உயிரை விடுகிறவன் நான். அந்த ஒரு பழமொழி மட்டும் சமயத்துக்கு லீவில் போய்விட்டது. கொஞ்ச நாளாக பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. (சலீமிடம் கேட்டதற்கு, "கொழுப்பு கரையுது தோஸ்த், நல்ல சைன்" என்றிருந்தான். என்னிடம் ஏது கொழுப்பு?)

சாயங்காலம் மாமனார் மாட்டுத் தரகருக்குப் போன் போட உட்கார்ந்தார். மாமியார் கொட்டாயில் மின்னலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மாமனார் எதிரில் போய் நின்றேன்.

"மாமா, தப்பு என்னுது. மாட்ட விக்காதீங்க. என்ன வேணா வித்துடுங்க."

"உங்கள யாரு வாங்குவாங்க?" என்றவர், போனைக் கீழே வைத்தார். கொட்டாய்ப் பக்கம் திரும்பி மின்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மாப்ள, பாதித் தெரு வரைக்கும் அது வந்த வேகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா."

"அடுத்த வாட்டி எடத்த மாத்தி நில்லுங்க."

அடுத்த பொங்கலுக்கு என்னை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிறுத்தினார்கள், இரண்டு கையிலும் உருண்டையோடு. "மின்னலு!" என்று ஒரு சத்தம்தான் கொடுத்தேன். ஏழுமலை சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். மூடுவதற்குள் அது கோட்டைத் தாண்டிவிட்டது. முதல் பரிசு. மின்னலை இனி யாரும் விற்க முடியாது. ஒரே பிரச்சினை, கோடு எங்கே முடிகிறது என்று மின்னலுக்குத் தெரியாது. உருண்டை இருக்கிற இடம்தான் அதற்கு முடிவு. அதனால் நான் ஏரிக்கரை வரை ஓட வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு வருஷமும் ஓடுகிறேன். அதற்காகக் கார்த்திகையிலிருந்தே மூச்சுப் பயிற்சி. கொள்ளைத் தின்று ஏறாத சதை, கொள்ளோடு ஓடியதில் கெண்டைக்காலில் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

சொந்தத்தில் கல்யாணம் என்றால் பந்தியில் எனக்குக் கொள்ளுச் சுண்டல் வைக்க மாட்டார்கள், மாடு வந்துவிடுமாம். வெளியூர்க்காரர் யாராவது, "மாப்ள இன்னா வேல செய்றாரு?" என்று கேட்டால் மாமனார் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்:

"வருசம் பூரா ஷூ கம்பெனி. பொங்கலுக்கு எல்லைக்கோடு."