நிச்சயதார்த்த ஆல்பத்தில் விழுந்த நிழல்

மதிப்பிற்குரிய சம்பந்தி ரகுராம் அவர்களுக்கு,

சந்தாபுராவிலிருந்து உத்தமன் கைகூப்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் பெண் தர்ஷினி சரியாகச் சாப்பிடுவதில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

நிச்சயதார்த்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் மட்டும் இருட்டா இருக்கே, இது நல்லதுக்கில்ல, கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம்" என்று சம்பந்தியம்மா சொன்னதாக மாப்பிள்ளை கவின் சொன்னார். எல்லாப் படத்திலும் இடது பக்கம் நிழல், அங்கே உட்கார்ந்திருந்தது நீங்கள், எங்கள் வீட்டார் முகமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, இதைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு சங்கடப்படாது? ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இது சகுனம் இல்லை, கேமராக் கோளாறு. பொம்மசந்திராவில் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனையிலேயே தலை நரைத்தவன் நான். கெட்டுப்போன பொருளைக் கையில் கொடுத்தால் எந்த மிஷின் கெடுத்தது என்று சொல்லிவிடுவேன். அப்படித்தான் நம் ஆல்பத்தையும் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தேன்.

முதலில் கேமராவின் பின்கதவு வழியாக வெளிச்சம் கசிந்திருக்குமோ என்று பார்த்தேன். கசிந்தால் படத்தில் வெள்ளைக் கோடு விழும், இருட்டாது. அப்புறம் ஃபிலிமைச் சந்தேகப்பட்டேன். ஃபிலிம் கெட்டிருந்தால் எங்கள் வீட்டார் முகமும் சேர்ந்து கெட்டிருக்கும். ஆக, குற்றவாளி உள்ளே இருக்கும் ஷட்டர் என்கிற துணித்திரைதான். நான் படம் எடுத்தது என்னுடைய பழைய ரஷ்யக் கேமராவில், பட்டனைத் தட்டியதும் திரை முழுசாக ஓட வேண்டும், வயசாகி ஓடமுடியாமல் நின்றால் ஒரு பக்கம் இருட்டிவிடும். அப்படியென்றால் நிழலின் ஓரம் நேர்க்கோடாக அல்லவா இருக்க வேண்டும், வளைந்திருக்கிறதே என்று தர்ஷினி கேட்டாள். எனக்கே முட்டி நேராக நிற்பதில்லை, திரை மட்டும் நேராக இருக்குமா என்றேன். உடனே லென்ஸை மூடியோடு கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, கேமராவைப் பிரித்து, ஸ்பிரிங்கை முறுக்கேற்றி, மறுபடி மாட்டிவிட்டேன். ஒரு திருகாணி மிச்சம் வந்தது, அது தேவையில்லாததாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மஞ்சுநாத் கன்னடம் கலந்த தமிழில், "போன்ல எடுத்திருந்தா ஆய்த்து சார், எதுக்கு இந்தத் தொந்தரே?" என்கிறார். ரீல் கேமராவில் எடுத்தால் அழகாக இருக்கும் என்று பிள்ளைகள்தான் ஆசைப்பட்டார்கள், நான் என்ன செய்ய!

சம்பந்தி, பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அவ்வளவு விரும்புகிறார்கள். ஒரு கிழட்டுத் திரையால் அது நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது. தை முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு என் பணிவான வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

அன்புள்ள,
உத்தமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் வீட்டுக்காரி தமயந்தி வந்து, "ஏங்க, ஆயுத பூஜைக்கு மிக்ஸியில இருந்து ஸ்கூட்டர் வரைக்கும் பொட்டு வெச்சீங்களே, கேமராவுக்கு எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மிஷினுக்கு முகத்தில் பொட்டு வைப்பதுதான் கம்பெனிப் பழக்கம், கேமராவுக்கு முகம் லென்ஸ்தானே? மூடியைத் திறந்தால் கண்ணாடியின் இடது பக்கம் காய்ந்த பொட்டு. அந்தக் கேமராவில் நாம் பார்க்கிற ஓட்டை வேறு, படம் எடுக்கிற லென்ஸ் வேறு, அதனால் நிச்சயத்தன்று என் கண்ணில் படவேயில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். திரையில் ஒரு கோளாறும் இல்லை, நான் பிரிக்கும்வரை. சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள், உங்கள் குடும்பத்தின் மேல் விழுந்தது கெட்ட நிழல் இல்லை, பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும். நம் பக்கம் ஒரு துளிகூட விழவில்லையே என்று இப்போது தமயந்தி மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.