தோப்பு முதல் கூழ் கம்பெனி வரை

"என்னாங்க, பேங்க்குக்காரரு வந்துட்டாரு!" என்று வெங்கடம்மாள் ஓடிவந்தபோது சென்னகிருஷ்ணன் மாடு கழுவிக்கொண்டிருந்தார்.

மகள் அருணாவுக்கு அயர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மாந்தோப்பை அடமானம் வைத்தால் கடன் தருவோம், ஆள் வந்து பார்ப்பார் என்று பேங்க்கில் சொல்லியிருந்தார்கள். அருணாவைக் கேட்டுக்கொள்ளலாம் என்றால், அவள் ஓசூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அருணா வீடுதானே? நிலம் எவ்வளவுங்க?"

இருந்தது முக்கால் ஏக்கர். அதிலும் பாதி பாறை. உண்மையைச் சொன்னால் அயர்லாந்து என்ன, ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியைக்கூடத் தாண்ட முடியாது.

"அந்தா, அந்தப் பனைமரம் வரைக்கும் நம்மதுதான் சார்." கை தானாக நீண்டுவிட்டது.

பனைமரத்தடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்துத் தோப்புச் சரோஜம்மாள் நிமிர்ந்தாள். "ஏண்ணா, யாரு தோப்ப நம்மதுங்கற?"

"எந் தங்கச்சி சார். கோவக்காரி. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பயிர் வைக்கறோம்."

சரோஜம்மாள் ஒரு கணம்தான் யோசித்தாள். "தங்கச்சியா? அப்ப எம் பங்கப் பிரிச்சுக் குடு!"

பங்குத் தகராறு என்றால் கடன் கிடைக்காதே!

"உனக்குத்தான் ஓசூர்ல ரெண்டு வீடு எழுதி வச்சிருக்கனேம்மா!"

"ரெண்டு வீடா!" சரோஜம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாவி எங்கண்ணா?"

வந்தவர் பேனாவை எடுத்தார். "ஓசூர்ல வேற வீடு இருக்குதா? வாடகை வருதுங்களா?"

"வருது சார். போய் வாங்கத்தான் நேரமில்ல."

மோர்ச் சொம்போடு வந்த வெங்கடம்மாள் சும்மா இருக்கவில்லை. "மாம்பழக் கூழ் கம்பெனியில பாதி இவரோடதுங்க."

சீசனில் அந்தக் கம்பெனி வாசலில் கூடை இறக்குகிறவர் சென்னகிருஷ்ணன். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இவள் திறமை தெரியாமல் போயிற்றே என்று பூரித்துப்போனார்.

"அப்ப பொண்ணு படிப்புக்குக் கஷ்டமே இல்லீங்களா?"

"கஷ்டமா? அது எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது சார்!"

வந்தவர் பெருமூச்சு விட்டு, மோரைக் குடித்து, வண்டியைக் கிளப்பினார். சென்னகிருஷ்ணன் பக்கத்திலேயே ஓடினார். "சார், கடன் எப்ப சார் கைக்கு வரும்?"

"கடனா? நான் பேங்க் இல்லீங்க. உங்க பொண்ணு மனு போட்டிருந்துச்சு. ஏழைப் பிள்ளைங்க வெளிநாட்ல படிக்க முழுச் செலவும் தர்ற டிரஸ்ட்ல இருந்து, நீங்க நெஜமாவே ஏழைதானான்னு பாக்க வந்தேன்."