பொட்டிட்ட எறிவாளர்

கற்றவனுக்கு ஒரு பொருளின்மேல் ஆசை வந்துவிட்டால், அந்த ஆசைக்கு ஆராய்ச்சி என்று பெயர் சூட்டிவிடுவான். நானும் அவ்வாறே சூட்டினேன். ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்துப் பழம்பொருட் சந்தைகளில், முற்கால அமெரிக்க அடிபந்தாட்டக்காரர் (பேஸ்பால் எண்டு சொன்னால்தான் வீட்டில விளங்கும்) கையொப்பமிட்ட பட அட்டைகளைத் தேடிச் சேர்த்தேன். அவ்வாட்டத்தை ஒருமுறையேனும் முழுமையாகப் பார்த்ததில்லை என்பது வேறு செய்தி.

என் சேகரிப்பின் தலைமணி, தொப்பியணிந்த ஒரு பந்து எறிவாளரின் அட்டை. கழுத்தின் கீழே நீலக் கையொப்பம். அது கையால் இட்டதா, அச்சிட்டதா என்பதே வினா. என் மனைவி முன்னரே தீர்ப்பு வழங்கியிருந்தாள்.

"சங்கத்துப் பெரியவர் உண்மையெண்டு சொல்லட்டும், கண்ணாடி அலுமாரியில ஒரு தட்டுத் தாறன். இல்லையெண்டால் எல்லாம் கீழ கெல்லர் நிலவறைக்குத்தான்."

சேகரிப்போர் சங்கத்து ஜெர்மானிய முதியவரைக் காணவிருந்த நாளுக்கு முதல்நாள் வாணி விழா. நூல்களோடு எறிவாளரையும் கொலுப்படியில் சாய்த்து வைத்தேன். நூல்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வந்த கை, அவரிடம் வந்ததும் நிற்கவில்லை. நெற்றி இருந்தது, பொட்டிட்டேன். (சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாய்க் கரைச்சுப்போட்டன்.)

காலையில் பார்த்தபோது, சந்தனநீர் மூக்கு வழியே இறங்கிக் கையொப்பத்தை அடைந்திருந்தது. எழுத்துகள் கரைந்து, கழுத்து முழுவதும் நீலம் பரவியிருந்தது.

"இஞ்சேருங்கோ, உதென்ன, நீலகண்டரோ?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் ஈரம் பட்டிட்டுது."

"ஈரமோ? அபிஷேகமெல்லோ செய்திருக்கிறியள்."

ஆயினும் சென்றேன். முதியவர் உருப்பெருக்கியால் நெடுநேரம் நோக்கினார்.

"இந்தச் சிவப்பு இரத்தமா?" என்று வினவினார்.

நான் நவராத்திரியின் தோற்றத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். குங்குமத்தை எட்டுவதற்குள் அவர் தந்த தேநீர் ஆறிவிட்டது.

"அச்சு மை இப்படிக் கரையாது. ஆகவே இது உண்மையான கையொப்பம்" என்றார். சற்றே தயங்கித் தம்மைத் திருத்திக்கொண்டார். "கையொப்பமாக இருந்தது."

அவர் கூறியதை மாற்றாமல் மனைவியிடம் கூறினேன். வாக்குத் தவறாதவள், பீங்கான் கோப்பைகளை ஒதுக்கித் தட்டுத் தந்தாள்.

"உண்மையெண்டு காட்டுறதுக்கு மிச்சத்தையும் நனைச்சுப்போடாதேங்கோ" என்றும் சொல்லிவைத்தாள்.

இன்றும் வீட்டுக்கு வருவோர் அலுமாரி முன் நின்று, அறியாமலே கைகூப்பி, "அக்கா, இவர் எந்தச் சாமியார்?" என்று கேட்பதுண்டு. அவள் என் பக்கம் திரும்பாமலே விடை கூறுவாள்.

"உவர் அண்ணையின்ர நீலகண்டர். கும்பிடலாம், அபிஷேகம் மட்டும் ஏலாது."