பூஜையில் வைத்த ஸ்பார்க் பிளக்

நெருப்பை முதலில் கண்டுபிடித்தவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தத் தவறு மைசூரிலும் நடந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: வீட்டு வாசலிலேயே, எந்த மெக்கானிக்கின் துணையும் இன்றி, ஒரு பிக்கப் வண்டிக்குத் தீப்பொறி வழங்கத் துணிந்த மாமனிதர் என் தங்கை கணவர் முரளிதரன். சுயசார்புக்குத் தான் குடியிருக்கும் அக்ரஹாரத்தில் ஒரு கிளை திறந்தவர் என்றும் அவரைச் சொல்லலாம்.

மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் 'செயல்முறை மேம்பாட்டு'த் தலைவர். வீட்டிலிருந்தபடியே வேலை. அப்படி என்னதான் வேலை என்று என் தங்கை சொர்ணலதா ஒருமுறை கேட்டாள். அடுத்தவர்கள் தங்கள் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் வேலை என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சமையல் காண்ட்ராக்ட் நடத்துகிறாள். பிக்கப் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான்.

ஆயுத பூஜையன்று ஹெப்பால் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு அவள் பொறுப்பு. அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தக் கேண்டீனே அவள் கைக்கு வரும். போகாவிட்டால் அந்த வாசல் பக்கம் தலைகாட்ட முடியாது. நடையாய் நடந்து வாங்கிய வாய்ப்பு.

அந்த வாரம் பார்த்து வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. மேடு ஏறும்போதெல்லாம் விக்கியது. பிளக்கையும் வயரையும் மாற்றினால் சரியாகிவிடும், லிங்கப்பன் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வருகிறேன் என்றாள் சொர்ணலதா. மாப்பிள்ளையின் மனம் புண்பட்டது. வீட்டில் ஒரு இன்ஜினியர் இருக்கும்போது வண்டி வெளியே போவதா? இரண்டு வீடியோ பார்த்தார். உடனே 'தீப்பொறிப் புனரமைப்புக் குழு' அமைந்தது. தலைவர் அவர். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராகக் குப்பை கொட்டிய அனுபவத்தைக் கருதி, மேற்பார்வை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

குழுவின் முதல் கூட்டம் வண்டியைச் சுற்றி நின்று நடந்தது. பணி முடிந்ததும் தலைவருக்கு மைசூர் பேட்டா என்ற ஜரிகைத் தலைப்பாகை அணிவித்து, சால்வை போர்த்திக் கௌரவிப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். வண்டியின் உரிமையாளரைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. காபி கொண்டு வந்தபோது அவளே வந்துவிட்டுப் போனாள்.

பூஜையன்று காலையில் பணி தொடங்கியது. பழைய பிளக்குகளை மாப்பிள்ளை கழற்றிய அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒரு வயரைக் கழற்றி, அதன் இடத்தில் புதிதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களாம். அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்று எல்லா வயரையும் ஒரே மூச்சில் உருவினார். எந்த வயர் எந்த பிளக்குக்கு என்ற சில்லறை விவரம் அத்தோடு எங்களை விட்டுப் போனது.

புது பிளக்கை மாட்டப் போனவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மச்சான், இன்னைக்கு நல்ல நாள். சாமி முன்னாடி வச்சு எடுத்து மாட்டுனா ஆயுசுக்கும் மிஸ்ஸிங் வராது."

அறிவியலும் ஆன்மிகமும் ஒரே தாம்பாளத்தில் உட்கார்ந்த தருணம் அது. பிளக், வயர், ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் காரையும் பூஜைக்காக அங்கே கொண்டு வந்திருந்தேன். ஏழு பேர் உட்காரும் கார், சீட் கவர் புதிது. அதற்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டு, சாவியையும் தாம்பாளத்தில் வைத்தோம். பிக்கப்பின் இன்ஜினில் பிளக் இருந்த ஓட்டைகளில் தூசி விழாமல் இருக்க ஆளுக்கொரு பக்கமாகச் செவந்திப் பூ செருகினோம். பூசணிக்காய் உடைத்து, மணியடித்து, ஆரத்தி காட்டினோம்.

பிறகு மாப்பிள்ளை பிளக்கை எடுக்கக் கை நீட்டினார். நான் மேற்பார்வையாளன் அல்லவா?

"மாப்ள, பூஜையில வச்சத நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும். அதுதான் வழக்கம்."

மிகச் சிறந்த செயல்முறை என்று அவர் பாராட்டினார். பணி மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மாப்பிள்ளையின் செல்போனும் தாம்பாளத்தில்தான் இருந்தது. ஆனால் அது ஆயுதம் அல்ல, 'தொடர்புச் சாதனம்' என்று குழு கூடி முடிவெடுத்து அதற்கு மட்டும் விலக்கு அளித்தது. டிவிக்கும் அதே விலக்கு. சோபாவில் அமர்ந்தோம்.

சமையலுக்கு உதவி செய்யும் காவேரி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எல்லாம் ரெடி ஆய்த்து. வண்டியில ஏத்தலாமா?"

கையில் கரண்டியோடு வந்த சொர்ணலதா வாசலுக்குப் போய், பூச்சூடி நின்ற இன்ஜினைப் பார்த்தாள். உடனே லிங்கப்பனுக்குப் போன் போட்டாள். ஒர்க்‌ஷாப்பில் பூஜை முடிந்து ஷட்டர் இறக்கியாகிவிட்டது. லோடு ஆட்டோக்காரர்களும் மாலை போட்டு வண்டியை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் என் காரைக் கேட்டாள். சாவி பூஜையில் இருப்பதை நினைவூட்டி, விதியை மறுபடி விளக்கினேன். தங்கை என்பதற்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்கு ஊரே கேட்கும்.

மாப்பிள்ளை அவளைத் தேற்றினார். "லதா, டென்ஷன் ஆகாத. சாப்பாட்ட நாளைக்கு மாத்திக்கச் சொல்லி கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுட்டாப் போச்சு."

அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சா?"

வைத்தாயிற்று என்றேன், பெருமையாக.

"என் கரண்டிக்கு?"

உண்மையில் அது எங்களுக்குத் தோன்றவில்லை. அதனாலென்ன, கழுவிக்கொண்டு வா, தாம்பாளத்தில் இடமிருக்கிறது என்று பெருந்தன்மையோடு சொன்னேன்.

"அது விடியறதுக்கு முன்னாடியிருந்து வேலையில இருக்குண்ணா. அதுக்கு ஏது லீவு."

சொல்லிவிட்டு, பொட்டு வைத்த சாவியைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். நானும் மாப்பிள்ளையும் ஆட்சேபம் தெரிவித்தோம். அது எங்கும் பதிவாகவில்லை. இரண்டு பெண்களும் பிசிபேளே பாத் அண்டாவைப் பின்னால் ஏற்றினார்கள். பாயசப் பாத்திரம் என் புது சீட் கவர் மேல் உட்கார்ந்தது. வாழைக்கன்றுகள் ஆட ஆட, மாலையோடு என் கார் தெருமுனையில் திரும்பியது.

சாயங்காலம் திரும்பி வந்தாள். காலி அண்டாக்களை இறக்கி வைத்தாள். சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, கேண்டீன் இனி அவளுடையது என்று காவேரிதான் சொன்னாள். இந்த வெற்றிக்கு அடிப்படை, தான் வகுத்த 'மாற்று ஏற்பாடு'தான் என்று மாப்பிள்ளை விளக்கினார். நான் ஆமோதித்தேன். பிறகு, பூஜை முடிந்ததிலிருந்து சோபாவைவிட்டு நகராத களைப்பில், சாப்பிட ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று இருவரும் விசாரித்தோம்.

சொர்ணலதா பூஜைத் தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். பேட்டா இல்லாவிட்டாலும் கௌரவிக்கத்தான் வருகிறாள் என்று புரிந்துகொண்டு, இருவரும் எழுந்து நின்று தலையைக் குனிந்தோம். முதலில் அவருக்கு, அடுத்து எனக்கு, நெற்றி நிறைய அப்பினாள்.

கைகூப்பி, எதற்கம்மா இதெல்லாம் என்று அடக்கத்தோடு கேட்டேன்.

"இன்னைக்கு வேலை செய்யாத சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கணுமாமேண்ணா," என்றாள். "இது ரெண்டு மட்டும் விட்டுப்போச்சு."