கடித்த பஃப்ஸ் வழக்கு

மாணவர்களின் அறிவியல் மனப்பான்மையை வளர்க்கும் உயரிய நோக்கத்தோடு, ஒவ்வொரு கிளைப் பள்ளியிலும் மாதம் ஒரு குற்றம் நடைபெற வேண்டும் என்று அறக்கட்டளையின் தலைமை அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியது. குற்றம் சிறியதாகவும், செலவு வைக்காததாகவும், ஒரே பீரியடில் கண்டுபிடிக்கத் தக்கதாகவும் இருத்தல் அவசியம்.

ஹப்சிகுடா கிளையில் இந்தப் பொறுப்பு உயிரியல் டீச்சர் ஜெயசுந்தரியின் தலையில் விழுந்தது. பல வருஷமாக அவள் தற்காலிகம். ஆய்வுக்கு வரும் அலுவலர் சந்திரசேகரன் ‘நன்று’ என்று எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். ஆகவே குற்றத்தை மிகுந்த சிரத்தையோடு ஏற்பாடு செய்தாள். பேக்கரியில் முட்டை பஃப்ஸ் வாங்கி, ஒன்பதாம் வகுப்பு எமியை ரகசியமாகக் கூப்பிட்டு ஒரு கடி கடிக்கச் சொன்னாள். எமிக்கு முன்பல்லில் இடைவெளி. அவள் அம்மாவுக்கும் அப்படியே. பல் அச்சோடு மரபியலையும் நடத்திவிடலாம்.

அவள் செய்த ஒரே தப்பு, தடயத்தைத் தட்டில் வைத்தது. ஆய்வுக்கு வருகிறவர் எதிரே தட்டில் எது இருந்தாலும் அது அவருக்குத்தான் என்பது நம் பள்ளிக்கூடங்களின் எழுதாத சட்டம்.

பிள்ளைகள் கன்னத்தின் உள்பக்கத்துச் செல்களை எடுக்க உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்கள். ஜெயசுந்தரி குளிர்ந்த ஸ்பிரிட் எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போயிருந்தாள். எல்லாரும் திரும்பி வந்தபோது தட்டில் தூள் மட்டும் இருந்தது. சந்திரசேகரன் கர்சீப்பால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முதல்வர் கிருஷ்ணகுமார், உபசரித்த பெருமையோடு நின்றார்.

“பஃப்ஸ் நல்லா இருந்தது. கொஞ்சம் சின்னது” என்றார் சந்திரசேகரன்.

“மிஸ், அது நான் கடிச்சது” என்றாள் எமி.

“அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?”

“அவ எச்சில் சார் அது. தடயத்துக்காக வச்சிருந்தேன்” என்றாள் ஜெயசுந்தரி.

சந்திரசேகரன் கர்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். “நான் எதுவும் சாப்பிடலையே. வரும்போதே தட்டு காலி. இல்லையா முதல்வரே?”

“சுத்தமா காலி சார்.”

“அப்ப இது நிஜக் குற்றம். விசாரணை நடக்கட்டும்.”

நடந்தது. பிள்ளைகள் கொப்பளித்த தண்ணீரைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் ஸ்பிரிட்டும் விட்டதும் வெள்ளை நூலாக டி.என்.ஏ. மிதந்து வந்தது. யாருடையது என்று சொல்லும் கருவி பள்ளியில் இல்லாததால், வர்ஷினி தட்டின் விளிம்பில் பவுடர் தூவிக் கட்டைவிரல் ரேகை எடுத்தாள். வகுப்பில் யாருக்கும் பொருந்தவில்லை. சந்திரசேகரன் குடித்து வைத்த தண்ணீர் டம்ளரில் இருந்த ரேகையோடு கனகச்சிதமாகப் பொருந்தியது.

“ஹவ் மிஸ், ஆமா, ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள் எமி. “சார் மீசையிலயும் தூள் இருக்கு.”

சந்திரசேகரன் மீசையைத் தடவினார். “அலுவலர்களின் ரேகை பாடத்திட்டத்தில் இல்லை. பீரியட் முடியப் போகுது. குற்றவாளி கிடைக்கலைன்னா திட்டம் தோல்வின்னு எழுதவேண்டியிருக்கும். டீச்சரைப் பத்தியும் எழுதணும்.”

முதல்வர் ஜெயசுந்தரியைப் பார்த்தார். அவர் நிரந்தரம்.

“நான்தான் சார் சாப்பிட்டேன்” என்றாள் அவள். பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொன்னதில் அவளுக்குக் காது வரை சுட்டது.

“கைக்கு மிஸ், ஏன் இப்படிச் சொல்றீங்க? நீங்க சாப்பிடலையே” என்றாள் எமி.

“உக்காரு எமி.”

சந்திரசேகரன் மனம் குளிர்ந்து எழுதினார்: ‘மிக நன்று. நூறு சதவீதக் கண்டுபிடிப்பு. ஆசிரியை தாமே முன்வந்து ஒப்புக்கொண்டது பிற கிளைகளுக்கு முன்மாதிரி. இனி தடயங்கள் கடிக்கப்படாமல், தேநீருடன் வைக்கப்பட வேண்டும்.’

அடுத்த வாரமே நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. ஜெயசுந்தரி வகுப்புக்கு மைசூர்பாகு கொடுத்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். முதல்வர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

மாதத் தேர்வில், ‘குற்றவாளியைக் கண்டறியும் முறையை விளக்குக’ என்று கேட்டிருந்தாள். எமி எழுதியிருந்தாள்: ‘முதலில் ரேகை எடுக்க வேண்டும். பிறகு பல் அச்சும் டி.என்.ஏ.வும் எடுக்க வேண்டும். எல்லாம் ஒரு பெரிய ஆளைக் காட்டினால், வேலை நிரந்தரமாகாதவர் யார் என்று விசாரிக்க வேண்டும். அவரே குற்றவாளி.’

ஜெயசுந்தரி சிவப்புப் பேனாவோடு அதை இரண்டு தடவை படித்தாள். விடையில் தப்பு எதுவும் இல்லை. படம் வரையாததற்கு மட்டும் அரை மார்க் குறைத்தாள்.