போத்தல் இல்லாமல் வெட்டிய குழி

அடுத்தவர் சாவுக்காகக் கான்காரர் அளவுக்கு உழைத்த மனிதனும் கிடையாது, குடித்த மனிதனும் கிடையாது. ஹட்டன் முதல் பூண்டுலோயா வரை எந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் யார் கண்ணை மூடினாலும், தப்பு அடிக்கிறவர்கள் வருவதற்கு முன்பே மண்வெட்டியோடு வந்து நிற்பார். தேயிலை மலையில் மழைத்தண்ணி வடியக் கான் வெட்டுவது அவர் தொழில். குழி வெட்டப் போவது அவராக ஏற்றுக்கொண்ட தொண்டு. குழி வெட்டுகிறவர்களுக்குச் சாவு வீட்டார் சாராயப் போத்தல் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்தத் தோட்டத்தில் சாவு விழாத மாதங்களில் பக்கத்துத் தோட்டங்களில் விசாரிக்கும் அளவுக்கு மனிதர் முற்றிப்போயிருந்தார்.

நான் அவரைச் சந்தித்தது டிக்கோயாப் பக்கம், ஒரு பழைய பங்களாவில் குடிகாரர்களுக்காக நடந்த புனர்வாழ்வு இல்லத்தில். அவருக்கு முதல் தடவை, எனக்கு மூன்றாவது. மூன்றாவது தடவை போகிறவனுக்கு வெட்கம்கூட வராது, அலுப்புதான் வரும். எந்தக் கட்டிலில் மூட்டைப்பூச்சி, எந்தக் கிழமை பருப்பில் உப்பிருக்காது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் பள்ளிக்கூட மாஸ்டர். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கினிகத்தேனையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வெளியே வந்து மூன்று மாதம் குடிக்காமல் இருந்தால் திரும்பி வருவதாகவும், இந்தத் தடவையும் விழுந்தால் அவளை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

உளவளத்துணை என்று எங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதல் வாரமே ஆளுக்கொரு தாள் தந்து, குடித்ததற்கான காரணங்களை எழுதச் சொன்னார். நான் என் சோகத்தை நாலு பக்கத்துக்கு அழகான தமிழில் எழுதினேன். மூன்றாவது தடவை அல்லவா, மனப்பாடமாகவே இருந்தது. கான்காரர் வெறும் பெயர்களாக எழுதிக்கொண்டே போய், தாள் போதாமல் இன்னொன்று கேட்டார். மொத்தம் முப்பத்தெட்டுப் பெயர். இவர்கள் எல்லாம் கூட்டாளிகளா என்று மிஸ் கேட்டார். இல்லை, எல்லாரும் செத்துப் போனவர்கள் என்றார் இவர். அதில் பாதிப் பேரை உயிரோடு பார்த்ததே இல்லையாம்.

வட்டமாக உட்கார்ந்து மனம் திறந்து பேசும் நேரம் வந்தால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. தோட்டக்காரரின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கான் வெட்டப் போய்விடுவார். ரோஜாப் பாத்தியைச் சுற்றி ஒரு கான், கோழிக்கூட்டைச் சுற்றி ஒரு கான், கடைசியில் கக்கூசுக்குப் போகும் பாதைக்குக் குறுக்கே ஒரு கான். அதில் விழுந்து காவற்காரருக்குக் கால் சுளுக்கியது. தண்ணி தேங்கினால் வேர் அழுகிவிடும் என்பதைத் தவிர வேறு சமாதானம் அவரிடம் இல்லை.

ஒருநாள் மிஸ் பலகையில் ‘புனர்வாழ்வு’ என்று எழுதி, அப்படியென்றால் என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டார். நான் ‘மீண்டும் வாழ்தல்’ என்று பரீட்சைக்குப் போலப் பதில் சொன்னேன். கான்காரர் தலையைச் சொறிந்தபடி எழுந்தார்.

“குடிய நிப்பாட்டுறது இங்கயே முடிஞ்சிருது மிஸ். இங்க எவன் ஊத்திக் குடுக்கறான்? வெளிய போயி, மொத சாவு விழுந்தா நான் என்ன செய்யணும்? அதச் சொல்லித் தாங்க.”

“சாவீட்டுக்குப் போகாம விடுங்கோ” என்றார் மிஸ்.

“நான் போகாட்டி, எஞ்சாவுக்கு யாரு மிஸ் வருவா?”

பாவம், அந்தப் பிள்ளை பலகையைத் துடைத்துவிட்டு அன்றைய வகுப்பைச் சீக்கிரமே முடித்துக்கொண்டது.

நாங்கள் இருவரும் வெளியே வந்த மூன்றாம் வாரம் என் அண்ணன் செத்துப் போனார். அவரும் குடித்தே செத்தார். அவரை எந்த இல்லத்துக்கும் யாரும் கூட்டிப் போகவில்லை. இல்லத்தில் இருந்தவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது, அதில் அண்ணன் செத்ததை ஒரு வரியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தோட்டத் தலைவர் வந்து, குழி வெட்ட இரண்டு பேர் தயார், போத்தலை வாங்கிக்கொண்டு வாங்க மாஸ்டர் என்றார். சாவு வீட்டு ஆம்பளைதான் தன் கையால் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் மிஞ்சிய ஆம்பளை நான் ஒருத்தன். போத்தல் கைக்கு வந்தால் அதன் மூடி குழிமேடு வரை தாங்காது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தும் கடைக்கு நடந்தேன்.

ரோட்டில் இறங்கும்போது பஸ்ஸிலிருந்து கான்காரர் இறங்கினார், கையில் சாக்கு சுற்றிய மண்வெட்டி. மோப்பம் பிடித்து வந்துவிட்டாரே, இனி ஒரு போத்தல் பத்தாதே என்றுதான் நினைத்தேன்.

“போத்தல் வேணாம் மாஸ்டர். வீட்டுல பிளேன்டீ ஊத்தச் சொல்லுங்க. நீங்க ஏங்கூட வாங்க.”

போத்தல் இல்லை என்றதும் மற்ற இருவரும் தேயிலைக்கடியில் குந்திவிட்டார்கள். கான்காரர் கயிறு பிடித்து, தனியாக வெட்டத் தொடங்கினார். இடுப்பளவு ஆனதும் என்னையும் குழிக்குள் இழுத்துவிட்டார். கூடப் பிறந்தவன் குழியில் இறங்குவது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. தலைவர் சத்தம் போட்டார், அத்தை மண்ணை வாரித் தூற்றினாள், மழையும் பிடித்துக்கொண்டது. பலகையில் எழுதச் சாக்கட்டி பிடித்த கையால் நான் வெட்டிய அழகைப் பார்க்கச் சகிக்காமல் அந்த இருவரும் எழுந்து வந்தார்கள். ஆளுக்கு எட்டு பிளேன்டீ உள்ளே போனது. மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய பிணத்தை ஐந்தரைக்கு எடுத்தோம். அதற்குள் குழியைச் சுற்றி ஒரு கானும் வெட்டிவிட்டார்.

கினிகத்தேனையிலிருந்து மனைவி மகளோடு வந்திருந்தாள். தலையிலிருந்து கால் வரை சேறாக நின்ற என்னிடம் வந்தாள். துக்கம் கேட்கத்தான் வருகிறாள் என்று பார்த்தால், முதலில் வாயை மோந்து பார்த்தாள். பிறகு மகளை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கான்காரரிடம் கேட்டேன், எங்கள் அண்ணனைத் தெரியவே தெரியாதே, அவருக்காக ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று. அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார்.

“அவருக்காக வரல மாஸ்டர். போத்தல் வாங்க நீங்கதானே கடைக்குப் போவணும், அதுக்குத்தான் வந்தேன்.”

அண்ணன் செத்ததிலிருந்து எனக்கு அழுகையே வந்திருக்கவில்லை. பஸ் வரும்வரை அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.