எத்தனை ஸ்பூன் சர்க்கரை?

மூன்றாவது முறையும் 'கடவுச்சொல் தவறு' என்றது கணினி. வீட்டு வரைபடம் போடுகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேஸ்திரியிடம் இருக்கும் பழைய படத்தில் மாடிப்படி குளியலறைக்குள் போய் இறங்குகிறது. திருத்திய படமோ கணினிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே, வீடு கட்டும் இடத்தில், மேஸ்திரி கான்கிரீட்டைக் கலந்து வைத்துக்கொண்டு போனில் அவசரப்படுத்துகிறார்.

"சார், ஊத்திடலாமா?"

"ஐயோ, இருப்பா! இதோ அனுப்பறேன்!"

கடவுச்சொல் மனைவியிடம் இருந்தது. போன வாரம், பரிசு விழுந்திருக்கிறதென்று வந்த செய்தியை இவர் ஆசையாய் அமுக்கப்போக, கணினி முழுக்க வைரஸ் புகுந்து, சுத்தம் செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அன்று ஞானம் பிறந்து அவரே ஒரு சட்டம் போட்டார்.

"புதுக் கடவுச்சொல் உன்கிட்டயே இருக்கட்டும். நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதே. என் குரல்லயே எவனாவது பேசுவான். வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வி ஒண்ணு கேளு."

இப்போது, தங்கை வீட்டுக்குப் போயிருந்த அவளை அழைத்தார்.

"நான்தான். கடவுச்சொல்லைச் சொல்லு, அவசரம்."

"இப்பத்தான் யாரோ நம்ம கம்ப்யூட்டரைத் திறக்கப் பாக்கறாங்கன்னு செய்தி வந்துது. யாருங்க நீங்க?"

"உன் புருஷன்டி! குரல் தெரியலையா?"

"குரலை நம்பாதேன்னு அவர்தான் சொல்லியிருக்கார்."

"வீடியோல வரேன், மூஞ்சியைப் பாரு!"

"மூஞ்சியும் போலியா வருதாம். கேள்வி கேக்கறேன். நான் காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்குவேன்?"

இத்தனை வருடமாய் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்த மனிதருக்கு, பாவம், அது மட்டும் தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் வேலையும் போச்சு, மானமும் போச்சு.

"ஹலோ... ஹலோ... கேக்கலையே!" என்று வாயாலேயே கரகரப்பு கொடுத்து அழைப்பைத் துண்டித்தார். கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஓடினார். தினமும் சாயங்காலம் மனைவியோடு காபி குடிக்கிறவள் அவள்.

"சர்க்கரையா? அதை விட்டு மூணு வருஷமாச்சே! உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்."

மூச்சிரைக்க மேலே வந்து அழைத்தார். "நீதான் சர்க்கரையே போட மாட்டியே! விட்டு மூணு வருஷமாச்சு!"

மறுமுனையில் 'டொக்'கென்று போனை வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தால் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள். இடையில் மேஸ்திரி: "கான்கிரீட் இறுகுது சார்!"

கதவு தடதடத்தது. குடியிருப்புக் காவலாளி ஒரு கையில் தடி, ஒரு கையில் போனோடு நின்றார்.

"நல்லவேளை சார், நீங்க வந்துட்டீங்க! தள்ளுங்க, உள்ளே திருடன் இருக்கான். உங்க போனைத் திருடிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கானாம், அம்மா போன்ல சொன்னாங்க!" என்று கட்டிலுக்கடியில் குனிந்து தடியால் துழாவினார்.

"நான் மட்டும்தான்யா இருக்கேன்! அதை அவகிட்ட சொல்லு!"

காவலாளி போனில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். கடவுச்சொல் வந்தது. படம் போனது. மாடிப்படி கூடத்துக்கே திரும்பியது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நான்தான் சரியா பதில் சொன்னேனே, அப்புறமும் ஏன்யா என்னைத் திருடன்னு சொன்னா?"

"அதனாலதான் சார். 'எங்க வீட்டுக்காரரா இருந்தா முழிச்சிருப்பார்; இவன் கரெக்டா சொல்றான், ஓடிப்போய்ப் பிடி'ன்னாங்க."